ஆணிக்கு இருக்கும் ஆவணம் ஆளுக்கு இல்லை: இராணுவக் கொள்முதலின் விலையைப் புரிந்துகொள்ளல்

2018 ஏப்ரல் மாதம் இந்தியப் பாதுகாப்பு அமைச்சகம் தரைப்படைக்காக 1,86,138 குண்டு துளைக்காத கவச உடைகளை வாங்க 639 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தது. வகுத்துப் பார்த்தால் ஓர் உடையின் விலை ஏறத்தாழ 34,300 ரூபாய். இந்த உடைகளை வாங்குவதற்கான ஒப்புதல் 2009ஆம் ஆண்டிலேயே வழங்கப்பட்டிருந்தது. ஒப்புதலுக்கும் ஒப்பந்தத்திற்கும் இடையில் ஒன்பது ஆண்டுகள் கடந்தன. ஓர் உடைக்கு ஏன் இவ்வளவு விலை, ஏன் இவ்வளவு காலம்?

இக்கேள்வி படைத்துறை வல்லுநர்களுக்கு மட்டும் உரியது என்று ஒதுக்கிவிட முடியாது. 2025-26 நிதியாண்டில் பாதுகாப்புத் துறைக்கு ஒதுக்கப்பட்ட தொகை 6.81 லட்சம் கோடி ரூபாய். ஒன்றிய அரசின் மொத்தச் செலவில் இது 13 விழுக்காட்டிற்கும் மேல். சோப்பும் செருப்பும் வாங்கும்போது மறைமுக வரி செலுத்துகின்ற சேரி மக்களின் பணமும் இதில் இருக்கிறது. அதற்கும் மேலாக, ஓர் அரசு எந்தப் பொருளை எவ்வளவு கவனத்துடன் வாங்குகிறது என்பதைப் பார்த்தால், அது யாருடைய உயிருக்கு எவ்வளவு மதிப்பளிக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

இக்கட்டுரையில் நாம் சொல்ல விழைவது இதுதான்: இராணுவப் பொருளின் விலையில் பெரும்பங்கு உலோகத்திற்கும் துணிக்கும் உரியதன்று, அந்தப் பொருள் நம்பத்தக்கது என்று காட்டும் சான்றுக்கு உரியது. அந்தச் சான்று சில இடங்களில் உயிரைக் காக்கிறது, சில இடங்களில் கொள்ளையை மறைக்கிறது, சில இடங்களில் எளியோரை வாயிலிலேயே தடுத்து நிறுத்துகிறது. இம்மூன்றையும் பிரித்தறியாமல் "எல்லாம் ஊழல்" என்றோ "நாட்டுப் பாதுகாப்புக்கு விலை பேசலாமா" என்றோ சொல்வது இரண்டுமே தவறான முடிவுக்கு நம்மை இட்டுச்செல்லும்.

435 டாலர் சுத்தியல்

இராணுவக் கொள்முதலைப் பற்றிய பேச்சில் உலகெங்கும் சொல்லப்படும் கதை ஒன்றுண்டு. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை ஒரு சாதாரணச் சுத்தியலுக்கு 435 டாலர் கொடுத்தது என்பது அது. செய்தி வெளியானதும் நாடே கொதித்தது. ஆனால் கணக்கை ஆராய்ந்தபோது வேறொன்று தெரியவந்தது. சுத்தியலுக்கு உரிய விலை 15 டாலர் அளவே. மீதி 420 டாலர், அந்த ஒப்பந்தத்தின் பொறியியல் மேற்செலவைப் பட்டியலிலிருந்த ஒவ்வொரு பொருளின் மீதும் சமமாகப் பங்கிட்டதால் வந்தது. அதே பட்டியலில் இருந்த சிக்கலான கருவியின் மீதும் அதே 420 டாலர்தான் ஏற்றப்பட்டது. அதாவது சுத்தியல் மிக விலையுயர்ந்ததாகத் தெரிந்தது. கருவியோ உண்மையில் ஆனதைவிட மலிவாகத் தெரிந்தது.

இக்கதையிலிருந்து நாம் பெறவேண்டிய பாடம் ஒன்று. விலைப்பட்டியலில் இருக்கும் ஓர் எண்ணை மட்டும் பார்த்து ஊழல் நடந்ததென்றோ நடக்கவில்லையென்றோ முடிவு செய்ய இயலாது. அந்த எண் எப்படி உருவானது என்பதைக் காட்டும் கணக்கைக் கேட்க வேண்டும். கணக்கைக் கேட்கும் உரிமையே குடிமக்களின் உண்மையான ஆயுதம்.

விலைக்குள் அடங்கியிருப்பவை

கவச உடைக்கே திரும்புவோம். சந்தையில் சட்டை வாங்குபவர் துணியைத் தொட்டுப் பார்த்து வாங்குகிறார். கவச உடையை அப்படிச் சோதிக்க முடியாது. அது குண்டைத் தாங்குமா என்பது குண்டு பாயும்போதுதான் தெரியும்; அப்போது தெரிந்து பயனில்லை. எனவே வாங்குவதற்கு முன்பே, எந்த வகைத் துப்பாக்கியின் எந்தக் குண்டை, எவ்வளவு தொலைவிலிருந்து சுட்டால் அது தாங்க வேண்டும், எடை எவ்வளவுக்குள் இருக்க வேண்டும், வெப்பத்திலும் நீரிலும் கிடந்தபின் அதன் வலிமை குறையாதிருக்குமா என்பவையெல்லாம் எழுத்தில் வரையறுக்கப்படுகின்றன. ஒவ்வொரு உற்பத்தித் தொகுதியிலிருந்தும் சில உடைகள் எடுக்கப்பட்டு, சுடப்பட்டு, அழிக்கப்படுகின்றன. அழிக்கப்பட்ட உடையின் விலையும் எஞ்சிய உடைகளின் விலையில்தான் ஏறும்.

இந்தியாவில் பெரிய தளவாடம் ஒன்று வாங்கப்படும் வழி நீண்டது. முதலில் படையினரின் தேவை எழுத்தில் வடிக்கப்பட வேண்டும். பாதுகாப்புக் கொள்முதல் மன்றம் அத்தேவையை ஏற்க வேண்டும். பின்னர் நிறுவனங்களிடம் முன்மொழிவு கோரப்படும். தொழில்நுட்ப மதிப்பீடு நடக்கும். அதன்பின் பாலைவனத்திலும் பனிமலையிலும் கள ஆய்வு நடக்கும். இந்த ஆய்வுகளுக்கு அரசு பணம் தராது. வாங்குவதாக உறுதியும் அளிக்காது. நிறுவனம் தன் செலவில் பொருளைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். தேறினால் விலைப் பேச்சு, நிதி ஒப்புதல், மிகப் பெரிய தொகையானால் பிரதமர் தலைமையிலான பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழுவின் ஒப்புதல். ஒப்பந்தத்திற்குப் பின்னும் தர உறுதித் தலைமை இயக்குநரகத்தின் ஆய்வாளர்கள் உற்பத்தியைச் சோதிப்பார்கள். வானூர்தியானால் பறக்கும் தகுதிக்குத் தனி நிறுவனம் சான்றளிக்க வேண்டும்.

இவற்றுடன் அளவு என்னும் காரணமும் சேர்கிறது. ஒரு கருவியை வடிவமைத்துச் சோதிக்க 10 கோடி ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். 10 லட்சம் கைபேசிகள் விற்கும் நிறுவனத்திற்கு அச்செலவு ஒரு கைபேசிக்கு 100 ரூபாய். படைக்காக 100 கருவிகள் மட்டும் செய்யும் நிறுவனத்திற்கோ ஒரு கருவிக்கு 10 லட்சம் ரூபாய். பொருள் அதேதான், பங்கிடும் தலைகள் குறைவு.

காலமும் ஒரு காரணம். இந்திய வான்படையில் 1963ஆம் ஆண்டு சேர்ந்த மிக்-21 வானூர்தி வகை 2025 செப்டம்பரில்தான் முழுமையாக விடைபெற்றது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அதற்கு உதிரிப் பாகங்கள் வேண்டும், வரைபடங்கள் வேண்டும், பராமரிப்பு நூல்கள் வேண்டும். பாகத்தைச் செய்த நிறுவனம் மூடப்பட்டிருக்கலாம், செய்தவர் இறந்திருக்கலாம். ஆவணம் மட்டுமே எஞ்சியிருக்கும். எந்தச் சுரங்கத் தாதுவில் எந்த உலையில் வார்த்த உலோகம், எந்த நாளில் யார் சோதித்தது என்று ஒவ்வொரு பாகத்திற்கும் தடம் வைத்திருக்கும் வேலைக்கு ஆள் வேண்டும், ஆய்வகம் வேண்டும், பல ஆண்டுகள் காக்கும் பதிவறை வேண்டும். இந்தச் செலவு கண்ணுக்குத் தெரியாதது. ஆனால் விலைப்பட்டியலில் கட்டாயம் இருப்பது.

ஆவணம் உயிரைக் காத்த இடம்

1963 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவின் திரெஷர் என்ற அணுவாற்றல் நீர்மூழ்கிக் கப்பல் ஆழ்கடல் சோதனையின்போது மூழ்கியது. அதிலிருந்த 129 பேரும் இறந்தனர். குழாய் இணைப்பு ஒன்று முறிந்து கடல்நீர் உள்ளே பாய்ந்திருக்கலாம் என்பது விசாரணையின் கருத்து. அதன்பின் அமெரிக்கக் கடற்படை சப்சேஃப் என்னும் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. கடல்நீரின் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய ஒவ்வொரு பாகத்திற்கும், ஒவ்வொரு பற்றவைப்பிற்கும், அது சரியாகச் செய்யப்பட்டது என்பதற்கான எழுத்துச் சான்று இருந்தாக வேண்டும் என்பது அதன் அடிப்படை. "நன்றாகத்தான் செய்தோம்" என்ற சொல் அங்கே செல்லாது. சான்று இல்லையென்றால் வேலை நடக்கவில்லை என்றே பொருள்.

அத்திட்டத்தின்கீழ்ச் சான்று பெற்ற கப்பல் எதுவும் இன்றுவரை மூழ்கியதில்லை. 1968இல் மூழ்கிய ஸ்கார்ப்பியன் அந்தச் சான்றைப் பெறாத கப்பல்.

இத்தகைய அமைப்பையும் ஏமாற்ற முடியும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் டகோமா நகரில் நீர்மூழ்கிகளுக்கு எஃகு வார்த்துக் கொடுத்த ஓர் ஆலையின் உலோகவியல் பொறுப்பாளர், பல ஆண்டுகளாக வலிமைச் சோதனை முடிவுகளைப் பொய்யாக எழுதிவந்தது 2017இல் வெளிப்பட்டது. தேறாத எஃகு தேறியதாகப் பதிவு செய்யப்பட்டது. கடுங்குளிரில் நடத்த வேண்டிய சோதனை தேவையற்றது என்று அவர் தாமாகவே எண்ணிக்கொண்டதாக விசாரணையில் கூறினார். 2022இல் அவருக்கு 30 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஆலை ஏற்கெனவே 1 கோடி டாலருக்கும் மேல் செலுத்தி வழக்கை முடித்துக்கொண்டிருந்தது. எண்களைப் பொய்யாக எழுதுவது ஆட்களைக் கொல்லக்கூடிய குற்றம் என்று சட்டம் கருதியது என்பதே இங்கே முதன்மையானது.

ஆவணம் கொள்ளையை மறைத்த இடம்

இனி மறுபக்கம். 2019இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம், டிரான்ஸ்டைம் என்னும் வானூர்திப் பாக நிறுவனத்தின் 47 பொருட்களை ஆராய்ந்தது. 46 பொருட்களில் அளவுக்கு மீறிய இலாபம் எடுக்கப்பட்டிருந்தது. 15 விழுக்காடு நியாயமான இலாபம் என்று கணக்கிட்ட ஆய்வில், ஒரு பொருளுக்கு 4,451 விழுக்காடு இலாபம் வந்திருந்தது. நிறுவனம் 1.61 கோடி டாலரைத் திருப்பிக் கொடுத்தது.

இது எப்படி நடந்தது? ஒப்பந்தத் தொகை குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் மட்டுமே நிறுவனம் தன் உற்பத்திச் செலவுக் கணக்கைக் காட்ட வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஆய்வுக்குள்ளான ஒப்பந்தங்கள் பெரும்பாலும் வரம்புக்குக் கீழே இருந்தன. அந்தப் பாகங்களைச் செய்ய வேறு நிறுவனமும் இல்லை. வரைபடமும் சான்றும் ஒருவரிடமே இருந்தன. பறக்கும் வானூர்தியை நிறுத்தி வைக்க முடியாத படை, கேட்ட விலையைக் கொடுத்தது. பாதுகாப்புக்காக உருவான சான்று முறையே இங்கே ஏகபோகத்தின் பூட்டாகிவிட்டது.

2018இல் வெளிவந்த இன்னொரு செய்தியும் இதையே காட்டுகிறது. அமெரிக்க வான்படையின் சரக்கு வானூர்திகளில் பயன்படும் சூடேற்றும் காப்பிக் குவளை ஒன்றின் விலை 1,280 டாலர். அதன் கைப்பிடி கீழே விழுந்தால் உடைந்துவிடும்; கைப்பிடி தனியே கிடைக்காது; முழுக் குவளையையே வாங்க வேண்டும். படையினரே முப்பரிமாண அச்சில் ஏறத்தாழ 50 சென்ட் செலவில் புதிய கைப்பிடி செய்துகாட்டினர். உயிருக்கு ஆபத்தில்லாத குவளைக்கும் உயிரைத் தாங்கும் குழாய்க்கும் ஒரே வகை நடைமுறை பொருந்தும்போது இத்தகைய விலை பிறக்கிறது. அமெரிக்கப் படைகளுக்குச் சாக்லேட் பிரவுனி வாங்குவதற்கான தரக்குறிப்பு 26 பக்கங்கள் நீண்டிருந்தது. இவ்வகை மிகையைக் குறைக்கவே 1994இல் அன்றைய பாதுகாப்புச் செயலர் வில்லியம் பெர்ரி, சந்தையில் கிடைக்கும் பொருளுக்குச் சந்தைத் தரமே போதும் என்று ஆணையிட்டார்.

ஆக, நியாயமான சான்றுச் செலவையும் ஏகபோகக் கொள்ளையையும் வேறுபடுத்த இரண்டு கேள்விகள் போதும். இப்பொருள் பழுதானால் யாருக்கு என்ன நேரும்? இதைச் செய்யும் அறிவும் ஆவணமும் எத்தனை பேரிடம் உள்ளன?

ஊழலுக்கு மருந்தாக வந்த விதிகள்

இந்தியாவில் இந்தக் கோப்புகள் பெருகியதற்குத் தனி வரலாறு உண்டு. 1986 மார்ச்சில் சுவீடனின் போபர்ஸ் நிறுவனத்திடமிருந்து 155 மி.மீ. பீரங்கிகள் வாங்க 1,437 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தமானது. அடுத்த ஆண்டு சுவீடன் வானொலி, இதில் கையூட்டுக் கொடுக்கப்பட்டதாகச் செய்தி வெளியிட்டது. ஆட்சியே மாறியது. அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தரைப்படைக்கு அவ்வகைப் புதிய பீரங்கி எதுவும் வெளிநாட்டிலிருந்து வாங்கப்படவில்லை. 2016இல்தான் அமெரிக்காவிடமிருந்து 145 எம்-777 பீரங்கிகளுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. 2002இல் முதல் பாதுகாப்புக் கொள்முதல் நடைமுறை நூல் வந்தது. அது பலமுறை திருத்தப்பட்டு 2020இல் புதிய பெயரில் விரிவாக வெளிவந்தது.

ஒவ்வொரு முறைகேட்டுக்குப் பின்னும் ஒரு கையொப்பம், ஒரு குழு, ஒரு சான்றிதழ் கூடியது. கையொப்பமிடும் அதிகாரி விசாரணைக்கு அஞ்சுகிறார். முடிவெடுக்காமல் இருப்பதே அவருக்குப் பாதுகாப்பு. தாமதத்திற்கு அவர் தண்டிக்கப்படுவதில்லை. ஆனால் தாமதமும் செலவே. ஆவடியில் உருவாகும் அர்ஜூன் பீரங்கி வண்டித் திட்டத்திற்கு 1974இல் 15.5 கோடி ரூபாய் ஒப்புதலானது. 1990களின் நடுவில் அது 300 கோடியைத் தாண்டியது. கவச உடைக்கான ஒன்பது ஆண்டுகளிலும் கள ஆய்வில் பொருட்கள் தேறாமல் போயின. இடையில் 2016இல் அவசரத் தேவைக்கென 50,000 உடைகள் தனியே வாங்கப்பட்டன. அந்த ஆண்டுகளில் போதிய கவசமின்றி எல்லையில் நின்றவர்கள் அமைச்சர்களின் பிள்ளைகள் அல்லர். உழவர்களின், கூலித் தொழிலாளரின் பிள்ளைகள்.

இரகசியம் என்னும் திரை

கணக்கைக் கேட்கும் உரிமை பற்றிச் சொன்னோம். அந்த உரிமை இங்கே எங்கே நிற்கிறது?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(1)(அ), நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு விளைவிக்கும் தகவலை மறுக்க இடமளிக்கிறது. வணிக இரகசியத்தின் பெயரில் மறுக்க இன்னோர் உட்பிரிவு உண்டு. பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனம் பிரிவு 24இன்கீழ் இச்சட்டத்திலிருந்தே விலக்குப் பெற்றுள்ளது. ஆனால் கதவு முழுதும் மூடப்படவில்லை. ஊழல், மனித உரிமை மீறல் குறித்த தகவலுக்கு அந்த விலக்குப் பொருந்தாது. பொதுநலன் மேலோங்கினால் விலக்குப் பெற்ற தகவலையும் தரலாம் என்கிறது பிரிவு 8(2). இவ்விரு விதிகளையும் சட்ட மாணவர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

அரசமைப்பு அவையில் 1949 மே மாதம் பேசிய அம்பேத்கர், தலைமைக் கணக்குத் தணிக்கையரே அரசமைப்பின் மிக முதன்மையான அலுவலராக இருக்கக்கூடும் என்றும், அவருடைய கடமை நீதித்துறையின் கடமையைவிடப் பெரிது என்றும் கருத்துரைத்தார். மக்கள் மன்றம் ஒப்பளித்த பணம் அதற்குரிய வழியில்தான் செலவானதா என்பதை அவர் ஒருவரே பார்க்க முடியும் என்பது அதன் காரணம். 2019 பிப்ரவரியில் ரஃபேல் வானூர்திக் கொள்முதல் குறித்த தணிக்கை அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டபோது, விலை விவரங்கள் மறைக்கப்பட்டிருந்தன. 36 வானூர்திகளுக்கான ஒப்பந்தம் முந்தைய முன்மொழிவைவிட 2.86 விழுக்காடு மலிவு என்று அறிக்கை சொன்னது. ஆனால் அந்த விழுக்காடு எந்த எண்களிலிருந்து வந்தது என்பதை மக்களால் காண இயலவில்லை. அந்தக் கொள்முதலில் தவறு நடந்ததா என்பதை இங்கே நாம் தீர்ப்பளிக்கவில்லை. சீராய்வு மனுக்களை உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தள்ளுபடி செய்துவிட்டது. நம் வாதம் வேறு. விடையை மட்டும் காட்டி வழியை மறைப்பது, அம்பேத்கர் அந்தப் பதவியில் வைத்த நம்பிக்கைக்குப் பொருந்தாது. அதே வழக்கில் 2019 ஏப்ரல் 10 அன்று, செய்தித்தாளில் வெளியான அரசு ஆவணங்களை நீதிமன்றம் பார்க்கக்கூடாது என்ற அரசின் தடையுரையை நீதிபதிகள் ஏற்கவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

காகிதச் சுவருக்கு வெளியே

2012 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த குறு, சிறு நிறுவனங்களுக்கான பொதுக் கொள்முதல் ஆணையின்படி, ஒன்றிய அரசின் துறைகளும் நிறுவனங்களும் தம் கொள்முதலில் 20 விழுக்காட்டைச் சிறு நிறுவனங்களிடமிருந்து பெற வேண்டும். 2018இல் இது 25 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அதற்குள் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 4 விழுக்காடு. பல்லாண்டுக் கோரிக்கைக்குப் பின் கிடைத்த உரிமை இது.

ஆனால் அதே ஆணை, ஆயுத அமைப்புகள், ஏவுகணைகள் போன்ற பாதுகாப்புத் தளவாடங்களைத் தன் வரம்பிலிருந்து விலக்கியுள்ளது. பாதுகாப்பு அமைச்சகத்தின் இலக்கைக் கணக்கிடும்போது ஆயுத இறக்குமதிகளும் சேர்க்கப்படுவதில்லை. ஏவுகணையைச் சிறு பட்டறை செய்ய முடியாது என்பது உண்மை. எனினும் நாட்டின் மிகப் பெரிய கொள்முதல்களுள் ஒன்றில் நமக்குரிய பங்கு, கணக்கிடுவதற்கு முன்பே சுருங்கிவிடுகிறது என்பதும் உண்மை.

எஞ்சிய இடத்திலும் இன்னொரு விதி இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி நிறுவனங்கள் டெண்டரில் பங்கேற்காவிட்டாலோ, நிபந்தனைகளையும் மிகக்குறைந்த விலையையும் நிறைவு செய்யாவிட்டாலோ, அந்த 4 விழுக்காட்டைப் பிற சிறு நிறுவனங்களிடமிருந்து நிரப்பிக்கொள்ளலாம். அதாவது வாயிலைக் குறுக்கிவிட்டு, "யாரும் வரவில்லை" என்று இடத்தைப் பிறருக்குக் கொடுக்க வழி உண்டு. ஒன்றியப் பொதுத்துறை நிறுவனங்களின் கொள்முதலில் இந்தப் பங்கு இலக்கின் பாதியைக்கூடத் தொடாத ஆண்டுகளே மிகுதி.

வாயில் ஏன் குறுகலாக இருக்கிறது என்பதை மேலே கண்ட சான்று முறையே விளக்கும். கோவையிலோ ஓசூரிலோ கடைசல் எந்திரம் வைத்திருக்கும் முதல் தலைமுறைத் தலித் தொழில்முனைவோர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பாகத்தைத் துல்லியமாகக் கடைந்தெடுக்க அவரால் முடியும். ஆனால் வானூர்தித் துறைக்குரிய தரச் சான்றிதழ் பெற வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்க வேண்டும். முந்தைய அனுபவத்தைக் காட்ட வேண்டும். வங்கி உத்தரவாதம் தர வேண்டும். பணம் வரும்வரை மாதக்கணக்கில் கூலியும் வட்டியும் கொடுக்க வேண்டும். நிலமோ பரம்பரைச் சொத்தோ அடகு வைக்க இருப்பவருக்கு இது செலவு. இல்லாதவருக்கு இது சுவர். விதியில் சாதி என்ற சொல் எங்கும் இல்லை. ஆனால் முதலீடும் தொடர்பும் தலைமுறையாக யாரிடம் சேர்ந்திருக்கிறதோ அவர்களே அந்த விதியைத் தாண்டுகிறார்கள்.

தமிழ்நாட்டிற்கு இது நேரடியான கேள்வி. சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஆகிய ஐந்து மையங்களை இணைத்துப் பாதுகாப்புத் தொழில் பெருவழி 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்டது. சோதனைக் கூடங்கள் அமைக்க ஒன்றிய அரசு 400 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்து, கூடம் ஒன்றுக்கு 75 விழுக்காடு வரை மானியம் தருகிறது. பொதுப்பணத்தில் எழும் அக்கூடங்களில் பட்டியல் சாதி, பழங்குடி நிறுவனங்களுக்குக் கட்டணச் சலுகை வேண்டும் என்பது நம் உடனடிக் கோரிக்கையாக இருக்க வேண்டும். தரத்தைத் தளர்த்தும்படி நாம் கேட்கவில்லை. தரத்தை மெய்ப்பிக்கும் செலவைப் பகிரும்படி கேட்கிறோம்.

அதே அரசு, இன்னொரு கொள்முதல்

இறுதியாக, கவச உடையின் அருகில் இன்னோர் உடையை வைத்துப் பார்ப்போம்.

மனிதக் கழிவகற்றும் தொழிலைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட விதிகள், தவிர்க்க இயலாத சூழலில் கழிவுநீர்க் குழிக்குள் இறங்குபவருக்குத் தரவேண்டிய பாதுகாப்புக் கருவிகளைப் பட்டியலிடுகின்றன. காற்றுக்குழாய் இணைந்த சுவாசக் கருவி, நான்கு வாயுக்களை அளக்கும் கருவி, முழு உடற்கவசம், காற்றூதி, பாதுகாப்புக் கயிறு என 40க்கும் மேற்பட்டவை அதில் உள்ளன. பட்டியல் குறையற்றதுதான். ஆனால் 2019 முதல் 2023 வரை கழிவுநீர்க் குழாய்களிலும் மலக்குழிகளிலும் 377 பேர் இறந்ததாக ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. இப்பணியாளர்கள் குறித்து அரசு எடுத்த கணக்கெடுப்பில், விவரம் சரிபார்க்கப்பட்டோரில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர்.

வேறுபாடு எங்கே இருக்கிறது? கவச உடையின் ஒவ்வொரு தொகுதிக்கும் சோதனைப் பதிவு உண்டு. சோதிக்காத தொகுதி படைக்குப் போகாது. வாயு அளக்கும் கருவியின் உணர்விகள் நாளடைவில் திறன் இழப்பவை. குறித்த காலத்திற்கொருமுறை அளவு திருத்தப்பட வேண்டியவை. உங்கள் ஊர் நகராட்சியில் அக்கருவி கடைசியாக எந்த நாளில் அளவு திருத்தப்பட்டது என்பதற்கு ஓர் ஏடு இருக்கிறதா? குழிக்குள் இறங்குமுன் காற்றை அளந்த எண் எங்கேனும் பதியப்பட்டதா? இறங்க ஆணையிட்டவர் கையொப்பமிட்டாரா? பெரும்பாலான மரணங்களில் அந்த ஏடு மட்டுமின்றிக் கருவியே இருந்ததில்லை. மிகக்குறைந்த விலை கேட்ட ஒப்பந்தக்காரருக்கு வேலை போகிறது. அவர் வேறொருவருக்குக் கைமாற்றுகிறார். இறங்கியவரின் பெயர்கூட வருகைப் பதிவேட்டில் இருப்பதில்லை. திரெஷர் மூழ்கிய பின் 129 உயிர்களுக்காக ஒரு சான்று முறையே பிறந்தது. இங்கே இறப்புக்குப் பின் பிறப்பது இழப்பீட்டுக் காசோலை மட்டுமே. அதையும் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்த 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது.

இராணுவத்திற்கு ஏன் இவ்வளவு செலவு என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். உயிர் முதன்மையானது என்று ஓர் அரசு ஏற்றுக்கொண்ட இடத்தில், அதைக் காக்கும் பொருளுக்குச் சோதனையும் சான்றும் பொறுப்பேற்பும் தேவைப்படுகின்றன, அவற்றுக்குச் செலவாகும். அந்தச் செலவின் போர்வையில் ஏகபோகமும் இரகசியமும் கூடுதலாகப் பறித்துக்கொள்கின்றன. முன்னதை நாம் எல்லாருக்கும் கோர வேண்டும். பின்னதை எங்கும் எதிர்க்க வேண்டும்.

இதற்கான வேலை சிறியதாகவே தொடங்கலாம். மாணவர் அமைப்புகளும் இயக்கங்களும் தத்தம் உள்ளாட்சிக்குத் தகவல் உரிமை மனு ஒன்றை அனுப்பட்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் வாங்கிய பாதுகாப்புக் கருவிகளின் கொள்முதல் ஆணை, அளவு திருத்திய நாள், பணியாளருக்கு வழங்கிய பதிவேடு, குழிக்குள் இறங்க அளித்த எழுத்து அனுமதி ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். இவற்றில் எதற்கும் நாட்டுப் பாதுகாப்பு என்ற மறுப்பைச் சொல்ல முடியாது. பெருவழி மையங்களில் உள்ளவர்கள், அங்குள்ள பொதுத்துறை நிறுவனங்கள் 4 விழுக்காட்டில் எவ்வளவை நிறைவு செய்தன, எவ்வளவைப் பிறரிடமிருந்து நிரப்பின என்று ஆண்டுவாரியாகக் கேளுங்கள். "அத்தகைய ஆவணம் இல்லை" என்று பதில் வந்தால் சோர்வடைய வேண்டியதில்லை. நீதிமன்றத்தில் அந்தப் பதிலே நம் முதல் சான்று.